விஜயதசமிக்கு இரண்டு பாய்

பொறாமையா என்று கேட்டால், ஓம், பொறாமைதான். அதைச் சுற்றி வளைத்து மனவருத்தம் என்றும் ஆதங்கம் என்றும் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. திருப்பி வருகிற புத்தகங்களை அடுக்கவே எனக்கு நாள் போதாது.

என் பெயர் உஷாந்தி. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் மன்றம் இருக்கிறது. கீழே மண்டபம், மேலே நூலகம். ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரிகள் கடகடக்கும். புதிதாக வருகிறவர்கள் திடுக்கிட்டு நிமிர்வார்கள், பழைய ஆட்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு இருப்பார்கள். இருபது வருடத்துக்குக் கிட்ட அங்கே கதவு திறந்ததும் நான், தூசி தட்டியதும் நான், புத்தகத்தைக் கிழித்துக்கொண்டு வந்து தருகிறவர்களோடு சண்டை பிடித்ததும் நான்.

நான் நூலகத்துக்கென்று பிறந்தவள் இல்லை. ஏ.எல். சோதனையில் கொஞ்சப் புள்ளியால் பல்கலைக்கழகம், எங்கள் வாயில் கம்பஸ், தப்பிப் போனது. திரும்ப எழுதுவம் என்றால், அது அப்பா யுத்தத்துக்குப் பயந்து எங்களைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் இருந்த காலம். பொலிஸ் பதிவுக்கு வரிசையில் நிற்கவே பொழுது போகும், படிப்பு எங்கே ஓடும்? யாரோ சொல்லி மன்றத்தில் ரைப் அடிக்கப் போனேன். அப்போது அங்கே நூலகராக இருந்தவர் நிக்கலஸ் மாஸ்டர். நான் ரைப் அடிக்கிற நேரத்தை விட மேலே வந்து புத்தகம் பார்க்கிற நேரம் கூட என்று கண்டவர், ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"பிள்ளை, சனிக்கிழமைகளில நூலக டிப்ளோமா வகுப்பு நடக்குது. மூண்டு கட்டம். போய்ப் படியும். புத்தகத்தை விரும்பிற ஆக்கள் கனபேர் இருக்கினம். அதை ஒழுங்கு படுத்திறதுக்குத்தான் படிச்ச ஆள் இல்லை."

போனேன். பகுப்பாக்கம், பட்டியலாக்கம் என்று படிப்பித்தார்கள். உலகத்தில் உள்ள அறிவு முழுவதையும் பத்து அறைகளுக்குள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அறிந்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வீட்டுச் சமையலறையையே இலக்கம் போட்டு அடுக்கினேன், அம்மாவிடம் பேச்சு வாங்கினேன். முதலாம் கட்டம் பாஸ். இரண்டாம் கட்டம் வேலை, கலியாணம் என்று வருடக் கணக்காக இழுபட்டு, அதுவும் பாஸ். மூன்றாம் கட்டம் எழுதுகிற நேரம் பார்த்துத்தான் யது வயிற்றில் வந்தாள். கலியாணம் கட்டி வருடக் கணக்காகக் காத்திருந்து வந்த பிள்ளை. டொக்டர் கட்டிலை விட்டு எழும்பக் கூடாது என்றார். நாட்டில் பெற்றோலுக்குச் சனம் தெருவில் படுத்துக் கிடந்த வருடம் அது. நான் வீட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். சோதனை அடுத்த வருடமும் வரும், பிள்ளை வருமோ தெரியாது என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த வருடம் சோதனை வந்தது. பாலுக்கு அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எவள் போவாள்?

அதைவிடுங்கள். இந்த வேலையில் எனக்குச் சம்பளத்தை விடப் பெரிதாக ஒன்று கிடைத்திருந்தது. விஜயதசமி. எங்கள் ஆட்கள் சின்னப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் ஏடு தொடக்குவார்கள். தாம்பாளத்தில் பச்சையரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து முதலாவது 'அ'வை எழுதுவிக்க வேண்டும். விரலைப் பிடிக்கிறவரின் கைராசி பிள்ளைக்கு ஒட்டும் என்பது நம்பிக்கை. அதனால் நல்ல கையாகத் தேடுவார்கள். கோயிலில் சனம் நெரியும் என்று ஃபிளாட்டுகளில் இருக்கிற தாய்மார் நூலகத்துக்கு வரத் தொடங்கிய காலத்தில், நிக்கலஸ் மாஸ்டர், "நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போற ஆள், எனக்கு இது சரிவராது, நீர் இரும் பிள்ளை" என்று என்னைப் பாயில் இருத்தினார். அன்று பிடித்த பாய்.

நான் எழுதிவிட்டவர்களில் ஒருத்தி மெடிசின் படிக்கிறாள். ஒருவன் மொறட்டுவவில் இன்ஜினியரிங். "உஷாந்தி அன்ரியின்ர கைராசி" என்று தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி, நவராத்திரி தொடங்க முன்பே ஃபோன் வரும். அந்த ஒரு நாள் காலையில் நான் கம்பஸ் போகாததும், டிப்ளோமா முடிக்காததும் எனக்கே மறந்து போகும். அப்படி ஒரு நாளை உங்களிடம் யாராவது பிடுங்க வந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

நிக்கலஸ் மாஸ்டர் ஓய்வு எடுத்துக்கொண்டு போன பிறகு நான் 'நூலகப் பொறுப்பாளர்'. நூலகர் என்று போட மாட்டார்கள், அதற்குக் கடதாசி வேண்டும். போன வருடத் தொடக்கத்தில் மன்றச் செயலாளர் சிவானந்தன் சேர் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் நல்ல செய்தி வராது.

"உஷாந்தி, நீர் குறை நினைக்கக் கூடாது. வெளிநாட்டுக் கிளைக்காரர் கம்பியூட்டர் எல்லாம் தாறம் எண்டு நிக்கினம். ஆனா, குவாலிஃபைட் லைப்ரேரியன் ஒருத்தர் வேணுமாம். உம்மட டிப்ளோமா முடியேல்லத்தானே."

"முடியாமத்தானே சேர் இவ்வளவு காலமும் லைப்ரரி நடந்தது?"

"அது சரி, அது சரி," என்று திரும்பவும் கண்ணாடியைத் துடைத்தார்.

அப்படி வந்தவள்தான் அனுஷியா. கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தகப்பன் பழனிமுத்து ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற இடத்தில் கூலி வேலை செய்தவராம். மகளைக் களனிக் கம்பஸில் நூலக விஞ்ஞானம் படிக்க வைத்திருக்கிறார். அதற்கு மேல் முதுமாணியும் பாதி முடித்துவிட்டாள். முப்பது வயதுகூட இல்லை. காலையில் பஸ்ஸில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி, வெள்ளவத்தையில் இறங்கி, ஒரு மடிப்புக் கலையாத சாரியோடு படியேறி வருவாள். எனக்கு மூன்று வீடு தள்ளி வீடு, நான் வியர்த்து விறுவிறுத்து வந்து சேருவேன்.

வந்த அன்றைக்கே, "அக்கா, நீங்க சொல்லுங்க, நான் கத்துக்கிறேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திமிராகக் கதைத்திருந்தால் எவ்வளவு நிம்மதி! ஒருத்தியைக் கோபிக்கவும் முடியாவிட்டால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வீட்டில்தான். என் வீட்டுக்காரர் தயாபரன் அந்த மாதம் முழுக்க உப்பில்லாத கறி சாப்பிட்டார்.

அவள் சும்மா நல்ல பிள்ளையும் இல்லை. இரண்டு பேரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டு இருக்கும்போது, உருளைக்கிழங்கை வாயில் வைத்தபடி கேட்டாள்: "மூணாவது லெவல ஏன் விட்டீங்கக்கா? அத மட்டும் முடிச்சிருந்தா இந்த சீட் உங்களுக்குத்தானே வந்திருக்கும்?" குத்துகிறோம் என்று தெரியாமலே குத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள் பாருங்கள். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். ஒரு நாள் கொம்பனித்தெருவிலிருந்து ஷஹீமா என்று, புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு பிள்ளை வந்தது. "மிஸ், சீனி வருத்தம் பத்தி புத்தகம் ஈக்கா?" என்றது. நான் எழும்பி, மருத்துவத் தட்டிலிருந்து நீரிழிவு பற்றித் தலையணை மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். கேட்டதைக் கொடுத்தேன், பிழை என்ன? அந்தப் பிள்ளை புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி மிஸ்" என்று மூடி வைத்துவிட்டு எழும்பியது. அனுஷியா தன் மேசையை விட்டு வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, "யாருக்கு? உங்களுக்கா? எப்ப சொன்னாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். கிளினிக்கில் முந்தாநாள் சொன்னார்களாம், வயிற்றில் பிள்ளையாம், பயத்தில் யாரிடமும் கேட்கவில்லையாம். அனுஷியா, கர்ப்பகாலத்தில் வருகிற சீனிக்கென்று தமிழில் இருந்த ஒரு சின்னக் கைநூலைத் தேடி எடுத்தாள். எந்தச் சாப்பாட்டைப் பற்றி டொக்டரிடம் கேட்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தாள். ஷஹீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது.

பிறகு என்னிடம், "அக்கா, ஆட்கள் முதல்ல கேக்கிற கேள்வி அவங்களோட உண்மையான கேள்வி இல்ல. அத கேட்டு எடுக்கிறதுக்கே எங்களுக்கு ஒரு பாடம் இருந்துச்சு" என்றாள். கேட்கிறதுக்கும் ஒரு பாடமாம்! இருபது வருடமாக நான் புத்தகத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், இவள் ஆளைக் கண்டுபிடிக்கிறாள். அன்று பின்னேரம் எனக்கு வயிறு எரிந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. மூன்றாம் கட்டத்தில் அந்தப் பாடம் இருந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போனேன். கொழும்பில் இருக்கிற சனத்துக்குச் சைவம், வேதம், பௌத்தம் என்று இல்லை, செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோனியார்தான். யது பிறக்க வேண்டும் என்று நான் மெழுகுவர்த்தி ஏற்றாத செவ்வாய் இல்லை. இந்த முறை என் வேண்டுதல் வேறு. நான் ஒருவரையும் நாசமாய்ப் போ என்று வேண்டுகிற ஆள் இல்லை. அந்தப் பிள்ளைக்கு எங்கேயாவது நல்ல அரசாங்க உத்தியோகம் கிடைத்து, சந்தோசமாக, தூரமாகப் போய்விட வேண்டும் என்றுதான் வேண்டினேன்.

திரும்பிப் பார்த்தால், வரிசையில் எனக்குப் பின்னால் அரைநாள் லீவில் அவள்!

"அக்கா! நீங்களுமா? நான் சின்னதிலருந்து வர்றேன். எங்க அம்மா மாரியம்மனுக்கும் வெப்பாங்க, இங்கயும் வெப்பாங்க."

"என்ன வேண்டினீங்கள்?" என்று கேட்டு வைத்தேன்.

"அரசாங்க லைப்ரேரியன் எக்ஸாம் எழுதியிருக்கேன்க்கா. அது கிடைக்கணும். மன்றம் சும்மா, அது வர்ற வரைக்கும்தானே."

இரண்டு பேரும் ஒரே வேண்டுதலைத்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. நான் வாழ்நாள் முழுக்க ஏங்கிய கதிரை இவளுக்கு பஸ் வரும்வரை குந்துகிற வாங்குப் பலகை. வேண்டாத ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, வேண்டுகிற என்னை இவர்கள் தள்ளி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். கதிரை போனால் போகட்டும், பாயை விட மாட்டேன்.

நவராத்திரிக்கு முன் கமிட்டிக் கூட்டத்தில் சிவானந்தன் சேர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு விளங்கிவிட்டது.

"இந்த முறை ஏடு தொடக்கிறதுக்கு லைப்ரேரியன் இருக்கிறதுதான் முறை. பட்டதாரி ஒருத்தர் எண்டால் தாய்தகப்பனும் விரும்புவினம்."

அனுஷியா எழும்பினாள். "சார், அக்கா எத்தன வருஷமா செய்றாங்க. ரெண்டு பாய் போட்டு ரெண்டு பேரும் உட்காருறோமே. பேரன்ட்ஸ் இஷ்டம் எதுவோ அங்க வரட்டும்."

எனக்கு இடம் தருகிறாளாம்! என் பாயில் எனக்கு இடம் தர இவள் யார்? ஆனாலும், "சரி சேர்" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஃபோனை எடுத்தேன்.

முதலில் சாம்பவிக்கு. பாங்கில் வேலை செய்கிற பிள்ளை, ஃபிளாட்டுத் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவே அவளின் கையில்தான். "அனுஷியா கெட்டிக்காரிதான், நான் இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா ஒரு பிள்ளைக்கும் எழுதிப் பழகாத கை. அதோட செவ்வாய்க்கிழமையில அந்தோனியாரிட்ட நிக்கிறதை என்ர கண்ணால கண்டனான். சைவமோ வேதமோ எனக்குத் தெரியாதப்பா. பிறகு என்னைக் கேக்கக் கூடாது." நான் ஏன் அங்கே நின்றேன் என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கதை வெள்ளவத்தை லிஃப்டுகளில் ஏறி இறங்கத் தொடங்கியது. வேதக்காரரான நிக்கலஸ் மாஸ்டர்தான் என்னைப் பாயில் இருத்தியவர் என்பதெல்லாம் அந்த நேரம் என் மூளைக்கு வரவில்லை, வந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

சரஸ்வதி பூசையன்று புத்தகங்களைப் படத்துக்கு முன்னால் அடுக்கி, வாசிப்பை நிறுத்தி, பூட்டிவிட்டுப் போனோம். மறுநாள் விஜயதசமி. விடிந்ததும் போய் என் பாயைப் படி ஏறினவுடன் கண்ணில் படுகிற இடத்தில் விரித்தேன். அவளின் பாய் உள்ளே, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, கடலையும் அவலும் வைத்து, ஆட்களைப் பார்த்தோம்.

வந்தார்கள். எல்லோரும் என்னிடம். வரிசை படியிறங்கி மண்டபம் வரைக்கும் போனது. சாம்பவி தன் பிள்ளையோடு நடுவில் நின்று, "அன்ரி, அவசரம் இல்லை, ஆறுதலா எழுதுங்கோ" என்றாள். காது குளிர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வைத்து எழுதினேன். அழுத பிள்ளைக்குக் கற்கண்டு, அழாத பிள்ளைக்கு முத்தம். இடைக்கிடை உள்ளே பார்த்தேன். அவள் தனிய இருந்தாள். ஒருவரும் தொடாத அரிசியைக் கையால் தடவித் தடவி மட்டமாக்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கதை அவளின் காதுக்கும் போயிருக்கிறது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பவில்லை. வென்ற மனுசி ஏன் திருப்ப வேண்டும்?

அப்போது தயாபரன் யதுவைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். பச்சைப் பட்டுப் பாவாடை, தலையில் பூ. வரிசையில் நின்ற தாய்மார் எல்லோரும், "அன்ரியின்ர பிள்ளைக்கு வழி விடுங்கோ" என்று ஒதுங்கினார்கள். யது ஓடிவந்து என் மடியில் விழுந்தாள். ஃபோன்கள் எல்லாம் மேலே எழும்பின, வீடியோவுக்கு. அவளின் விரலைப் பிடித்து அரிசியில் வைத்தேன்.

கை நகரவில்லை.

மற்றப் பிள்ளைகளுக்கு எழுதும்போது ஒரு நாளும் வராத பயம். கைராசி, கைராசி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். இது என்ன கை? கம்பஸ் வாசல் படலையைத் தொடாத கை. கடைசிச் சோதனைத் தாளைத் தொடாத கை. எதையும் பாதியில் விட்ட கை. அந்த ராசி என் பிள்ளைக்கு ஒட்டினால்? மெடிசினும் இன்ஜினியரிங்கும் படிக்கிறவர்கள் இந்தக் கையால் எழுதியவர்கள்தானே என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன், மனம் கேட்கவில்லை. மற்றவர்களின் பிள்ளைக்கு என் கை போதும். என் பிள்ளைக்குப் போதாது. அதுதான் உண்மை, என்ன செய்ய?

யதுவைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன்.

"என்னப்பா, ஏன் எழும்பிறீர்?" என்றார் தயாபரன். அத்தனை ஃபோன்களும் என்னோடு திரும்பின. நேரே உள்ளே போய், அனுஷியாவின் மடியில் பிள்ளையை இருத்தினேன்.

"எழுதிவிடும்."

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். "ஏன்க்கா? வேதக்காரி கை பரவாயில்லயா?"

நல்ல கேள்வி. எனக்கு முகம் எரிந்தது. "கம்பஸுக்குப் போன கை எனக்கு வேணும்," என்றேன். "உம்மில எனக்கு விருப்பமில்லை. இருந்தாலும் எழுதும்."

அவள் அரிசியை இன்னொருமுறை தடவி மட்டமாக்கினாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், நான் அவளின் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவள் யதுவின் காதில் ஏதோ சொன்னாள், யது சிரித்தாள், இரண்டு விரலும் சேர்ந்து அரிசியில் வளைந்து வளைந்து ஓர் 'அ' வந்தது. வடிவான 'அ'. அதைப் பார்க்கவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. என் பிள்ளையின் முதல் எழுத்தில் நான் இல்லை.

திரும்பினேன். சாம்பவி என் பாய்க்கு முன்னால் பிள்ளையோடு நின்றாள், இருக்கவில்லை. "அன்ரி," என்றாள், சங்கடத்தோடு. "உங்கட பிள்ளைக்கே அங்க எண்டால்..."

"போங்கோ," என்றேன்.

போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவள், அவளுக்குப் பின்னால் மற்றவள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தோனியாரும் செவ்வாய்க்கிழமையும் ஒருவருக்கும் ஞாபகமில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்த்ததில் வாசலில் நெரிசல், ஒரு பிள்ளை வீரிட்டது.

"லைனில நில்லுங்கோ! இது என்ன சந்தையே? ஆரும் இஞ்ச நெரியக் கூடாது!" என்று கத்தினேன். வேறு யார் கத்துவது? அனுஷியாவுக்குக் கத்தத் தெரியாது, அதை எந்தக் கம்பஸிலும் படிப்பிக்க மாட்டார்கள். என் பாயைக் காலால் சுருட்டி ஓரத்தில் தள்ளிவிட்டு வாசலில் நின்றேன். ஒவ்வொருவராக விட்டேன். வரிசை மண்டபம் வரைக்கும் இருந்தது, முடிய மத்தியானம் ஆனது. அத்தனை பிள்ளைகளும் என்னைக் கடந்துதான் அவளிடம் போனார்கள்.